மத்திக் குழம்புக்கு அடியில் ஒரு நாயகன்

எங்கள் ரூம் ரிஜோ குளச்சல்காரன். 2006-இல் ஷார்ஜா தொழிற்பேட்டையில் ஏசி மெக்கானிக். வெள்ளிக்கிழமை நாங்கள் தூங்கிக் கிடக்க, அவன் ரோலா கடைத்தெருவுக்குப் பஸ் ஏறிப்போய்க் கடைகடையாகக் காமிக்ஸ் தேடுவான். எல்லாக் கடையிலும் நீட்டியது அமெரிக்கச் சரக்குதான்.

"இது நம்ம நாகர்கோயில்லயே கெடைக்கும் சேட்டா. இந்த ஊர்க்காரன் வரைஞ்சது வேணும்" என்பான் மலையாளிக் கடைக்காரர்களிடம்.

கடைசியில் ஒரு பழைய புத்தகக் கடையில் கிடைத்தது. வெள்ளைக் கந்தூரா அங்கி போட்ட நாயகன் பாலைவனத்துக்கு மேலே பறந்துகொண்டிருந்தான். ரிஜோவுக்கு அரபியில் ஓர் எழுத்தும் தெரியாது. வலமிருந்து இடமாகப் படங்களைப் பார்த்தே கதையைப் பிடித்துவிட்டான்.

எங்கள் ரூமில் தரையில் பேப்பர் விரித்துத்தான் சாப்பாடு. அரபிப் பேப்பரை மட்டும் விரிக்க மாட்டோம். இறைவன் பெயர் அச்சாகியிருக்கும். அந்த நம்பிக்கையில்தான் புத்தகத்தைக் கட்டில்மேல் வைத்துவிட்டு டூட்டிக்குப் போனான்.

திரும்பி வந்தபோது அது தாள்தாளாகப் பிரிந்து தரையில் கிடந்தது. நாயகன் நெஞ்சில் மத்திக் குழம்புச் சட்டி. ரூமில் மூத்தவரான பாண்டித்துரை அண்ணன் துப்பிய முள் அவன் முகத்தில் ஒட்டியிருந்தது.

"அரபிய விரிக்க மாட்டோம்லா அண்ணே?" என்று ரிஜோ கேட்டான்.

"இதுல சாமி பேரு இருக்காதுடா. பொம்மப் புத்தகந்தான."

"வாசிச்சுப் பாத்தியளா?"

"எனக்கு எங்கடா அரபி தெரியும்? படத்தப் பாத்தேன்."

"நானும் படத்தத்தான் பாத்தேன்" என்றான் ரிஜோ. சட்டியைத் தூக்கிப்போய்க் கக்கூஸில் கவிழ்த்தான்.

மிச்சமிருந்த குபூஸ் ரொட்டியை வெறுந்தரையில் வைத்துத் தின்றோம்.