நூலாக இறங்கும் கஞ்சி

என் கணவர் திருத்தங்கலில் ஒரு காலண்டர் அச்சகத்தில் ஆப்செட் மெஷின் ஓட்டிக்கொண்டிருந்தார். போன சீசனில் மெஷின் பக்கத்திலேயே பக்கவாதம் வந்து விழுந்துவிட்டார். உயிர் தப்பியது. வலது கையும் பேச்சும் போயின. விழுங்கும் திறனும் போய்விட்டது என்பது ஒரு வாய்த் தண்ணீர் கொடுத்தபோதுதான் தெரிந்தது. முகம் கறுக்க இருமினார்.

மதுரை ஆஸ்பத்திரியில் பேச்சுப் பயிற்சி கொடுக்கும் பெண் என்னிடம் சொன்னார்: "தண்ணி, காப்பி, மோர் எதுவும் கூடாதும்மா. நுரையீரலுக்குப் போயிரும். எல்லாம் கெட்டியா இருக்கணும். கரண்டியில எடுத்தா சொட்டவும் கூடாது, கட்டியா விழவும் கூடாது. நூல் மாதிரி இறங்கணும்."

வீட்டில் முதல் நாள் அரிசிமாவுக் கஞ்சி நீர்த்துப்போனது. அவர் இருமிய இருமலில் நான் தெருவுக்கு ஓடி ஆட்களைக் கூப்பிட்டேன். மறுநாள் பயத்தில் மாவை அள்ளிப் போட்டேன். அண்ணத்தில் பசையாக ஒட்டிக்கொண்டது. விரலை விட்டு வழித்தெடுத்தேன்.

மூன்றாம் நாள் ஊட்டப் போனபோது, இடது கையால் கரண்டியைப் பிடுங்கிக்கொண்டார். கஞ்சியை எடுத்து ஒரு சாண் உயரத்துக்குத் தூக்கிக் கவிழ்த்தார். திரும்ப எடுத்தார், திரும்பக் கவிழ்த்தார்.

"இம்புட்டு நேரம் நின்னு கிண்டியிருக்கேன். சாப்பிடாம என்ன வெளையாட்டு உங்களுக்கு?"

அவர் என்னைப் பார்க்கவே இல்லை. தலையைச் சாய்த்து, கண்ணைச் சுருக்கி, கரண்டி நுனியையே பார்த்தார். அந்தப் பார்வை எனக்குத் தெரியும். அச்சகத்துக்கு மதியச் சாப்பாடு கொண்டுபோகும்போது பார்த்திருக்கிறேன். டப்பாவிலிருந்து மையைக் கத்தியில் தூக்கி, நூல் எவ்வளவு நீளம் இழுத்து அறுகிறது என்று இப்படித்தான் பார்ப்பார்.

"மாவு காணாதா?"

ஆமென்று தலையசைத்தார். இன்னும் கொஞ்சம் மாவைக் கரைத்து ஊற்றிக் கொதிக்கவைத்தேன். உடனே ஊட்டப் போனவளைக் கை காட்டி நிறுத்தினார். ஆறினால் இறுகும் என்பது எனக்குத்தான் தோன்றவில்லை. ஆறியதும் மறுபடி தூக்கிக் கவிழ்த்தார். கஞ்சி அறுபடாமல் மெலிந்து நீண்டு இறங்கியது. கிண்ணத்தைத் தொட்ட இடத்தில் கிணற்றுக் கயிறுபோல வட்டம் வட்டமாகச் சுருண்டு, பிறகு மெல்ல அமிழ்ந்தது. வாயைத் திறந்தார். ஒரு இருமல்கூட இல்லாமல் கிண்ணம் காலியானது. நான் அடுப்படிக்குப் போய் அழுதேன்.

அதற்குப் பிறகு தினமும் இதே வேலைதான். கேப்பைக் கூழை அகலக் கரண்டியில் சரிப்பேன். தகடுபோல இறங்கி, சேலைக் கொசுவமாக மடிந்து விழும். இருவரும் அதையே பார்த்துக்கொண்டிருப்போம். பிடிக்காவிட்டால் கிண்ணத்தைத் தள்ளிவிடுவார். ஒருநாள் ஐந்து தடவை தள்ளினார்.

"மெஷினுக்குக்கூட இம்புட்டுப் பார்த்திருக்க மாட்டீக" என்றேன். ஒரு பக்கம் கோணிய வாயால் சிரித்தார். விழுந்த பிறகு அவர் சிரித்தது அன்றுதான்.

நாலு மாதம் கழித்து மதுரையில் மறுபடி பரிசோதித்தார்கள். நாடி நெஞ்சைத் தொடும்படி தலையைத் தாழ்த்திக்கொண்டு ஒரு மடக்குத் தண்ணீர் குடிக்கச் சொன்னார்கள். நான் அவர் சட்டையைப் பிடித்துக்கொண்டு நின்றேன். தொண்டை ஏறி இறங்கியது. இருமல் வரவில்லை.

"இன்னும்" என்றார். குழறலாகத்தான் வந்தது, ஆனால் எனக்குப் புரிந்தது.

திரும்பி வரும்போது பஸ்ஸில் அரை பாட்டில் தண்ணீரைக் குடித்துத் தீர்த்தார். பாதி சட்டையில் வழிந்தது. துடைக்கப் போன என் கையைப் பிடித்தவர், விருதுநகர் வரும்வரை விடவில்லை.