எச்சில் பட்ட இசைத்தட்டு

மாமாவின் வலதுகைப் பெருவிரலை நினைத்தால் எனக்கு இன்றும் குமட்டும். நகக்கண்ணில் எப்போதும் மூக்குத்தூள் அப்பியிருக்கும். அந்த விரலை நாக்கில் ஒருமுறை இழுத்து, இசைத்தட்டின் மேல் வைத்து வட்டமாகத் தேய்ப்பார். ஈரத்தை ஒற்றி எடுக்க ஒரு கட்டம்போட்ட லேஞ்சி வைத்திருந்தார். மூக்குச் சீறுவதும் அதே லேஞ்சியில்தான். சீ, என்ன மனிதரோ!

எண்பதுகளின் கடைசியில் லண்டன் பிளேஸ்டோவில் ஒரே வீட்டில் இருந்தோம்: நான், அம்மா, அம்மாவின் தம்பியான இந்த மாமா. ஞாயிற்றுச் சந்தைகளில் யாரும் சீண்டாத பழைய தட்டுகளை அள்ளிக்கொண்டு வருவது அவருடைய பைத்தியம். அவற்றைத் துடைப்பதற்கென்றே கடையில் நல்ல திரவம் விற்றது. "உந்தச் சொட்டுத் தண்ணிக்கு உவ்வளவு காசோ? எனக்கென்ன விசரே?" என்பார். பதிலுக்கு வினாகிரியை ஊற்றினார். வீடு ஒரு கிழமை ஊறுகாய்ப் பானையாக நாறியது. தேங்காயெண்ணெய் பூசினார், தட்டு பளபளத்தது, ஆனால் தரைவிரிப்பின் தூசி முழுவதும் அதில் ஒட்டிக்கொண்டது. கடைசியில் கோப்பை கழுவும் திரவத்தைக் குளியல் தொட்டியில் கரைத்துத் தட்டுகளை அமிழ்த்தினார். அது கொஞ்சம் வேலைசெய்தது, ஒப்புக்கொள்கிறேன். ஆனால் காலையில் வேலைக்குப் புறப்பட அவசரப்பட்டு, ஊரார் வீட்டு அழுக்கும் மாமாவின் தலைமயிரும் மிதக்கிற தொட்டிக்கு முன்னால் துவாயோடு நின்றவள் நான்தானே!

அப்படியிருக்கையில்தான் என் கூடப்பிறந்த அண்ணையின் தட்டு வந்து சேர்ந்தது. இளவயதில் அவர் கொழும்பில் பாடிப் பதிவான ஒரே பாட்டு. அண்ணை ஊரில் செத்துப்போய்ச் சில வருடங்கள் கழித்து, உறவினர் ஒருவர் அதைப் பழைய சேலைக்குள் சுற்றிக் கொண்டுவந்து தந்தார். அவருடைய குரல் வேறெதிலும் எங்களிடம் இல்லை. தட்டில் பூஞ்சணம் பிடித்திருந்தது. திரவம் கரைத்த தண்ணீரில் பெரும்பகுதி போய்விட்டது. ஒரு புள்ளி மட்டும் அசையவில்லை. வயலின் முடிந்து அண்ணை வாயைத் திறக்கிற இடம் அது. ஊசி அங்கே வந்ததும் பின்னுக்குத் துள்ளும், மறுபடி அதே வயலின். அம்மா அந்த வயலினையே கேட்டுக்கொண்டு இருந்தார்.

மாமா யோசிக்கவே இல்லை. பெருவிரலை நாக்கில் இழுத்து அந்தப் புள்ளியில் வைத்தார். "ஐயோ, எச்சில், மாமா!" என்று கத்தினேன். "காசில்லாத மருந்து, பிள்ளை. இதுக்கு மிஞ்சி ஒண்டுமில்லை" என்று சிரித்தார்.

அம்மா எழுந்து வந்தார். எச்சில் விஷயத்தில் அம்மாவைப்போல ஒருவரை நான் கண்டதில்லை. லண்டனிலும் அண்ணாந்துதான் தண்ணீர் குடிப்பார். நான் கடித்து வைத்த பிஸ்கட்டைக்கூடத் தொடமாட்டார். மாமாவுக்கு இன்றைக்கு நல்ல பூசை விழப்போகிறது என்று ஆவலோடு பார்த்துக்கொண்டிருந்தேன். அம்மா தட்டைப் பறித்தார்.

"விடு தம்பி. உன்ர எச்சில் வேண்டாம்."

பிறகு சேலைத் தலைப்பின் நுனியைத் தன் வாயில் வைத்து நனைத்து, அந்தப் புள்ளியை மெல்லத் துடைக்கத் தொடங்கினார். "சின்னனிலை அவன்ர வாயை நான்தானே துடைச்சு விட்டனான்" என்றார். திரும்பத் திரும்ப நனைத்தார், திரும்பத் திரும்பத் துடைத்தார். மறுபடி தட்டைச் சுழலவிட்டபோது ஊசி 'டக்' என்று அந்த இடத்தைக் கடந்தது. அண்ணை பாடினார். மாமா லேஞ்சியை எடுத்து மூக்கைச் சீறினார்.

அம்மா, மாமா இரண்டு பேரும் இப்போது இல்லை. என்னிடம் நல்ல திரவம் இருக்கிறது, மெல்லிய தூரிகை இருக்கிறது. மாமாவின் தட்டுகள் எல்லாவற்றையும் ஒவ்வொன்றாகத் துடைத்துச் சுத்தமாக்கிவிட்டேன். அண்ணையின் தட்டை மட்டும் கையில் எடுப்பேன், வெளிச்சத்தில் பிடித்துப் பார்ப்பேன், அப்படியே உறைக்குள் வைத்துவிடுவேன். அதில் மாமாவின் அந்தப் பெருவிரலும் பட்டிருக்கிறது என்று நினைத்தால் அருவருப்பில் உடம்பு கூசுகிறது. என்ன செய்ய? அதைக் கழுவினால் அம்மாவுடையதும் போய்விடும்.