சாமி வந்ததாக நினைத்தோம்

இரண்டு வருடத்துக்கு முந்திய பங்குனி உத்திரம். மலேசியாவில் புக்கிட் செலம்பாவ் பக்கம், நாங்கள் பிறந்து வளர்ந்த தோட்டத்துக் கோயிலில் காவடி புறப்படும் நேரம். அன்று நடந்ததை எத்தனையோ பேரிடம் சொல்லி அழுதுவிட்டேன், பாரம் குறையவே இல்லை.

என் தம்பி செம்பனைக் குலை ஏற்றும் லோரி ஓட்டினான். முப்பதைத் தாண்டியும் கல்யாணம் வேண்டாம் என்று அம்மாவோடு இருந்தவன். எங்கள் அப்பாவுக்கு இனிப்பு நீர் வியாதி. முதலில் விரலை எடுத்தார்கள், பிறகு பாதத்தை, கடைசியில் முழங்காலோடு. அவர் போனதிலிருந்து அம்மா வீட்டில் சீனி டப்பாவே கிடையாது. விருந்தாளிக்கும் வெறும் தேத்தண்ணிதான். அரண்டவன் கண்ணுக்கு இருண்டதெல்லாம் பேய் என்பார்கள். எங்களுக்குச் சீனி ஒன்றுதான் பேய், மற்ற எதையும் கண்டு பயப்படத் தெரியவில்லை.

தம்பி சீனிப்பால் ஊற்றி ஆற்றும் தே தாரிக்கை விட்டுவிட்டு, சீனி இல்லாத எனர்ஜி டிரிங்க் டின்னுக்கு மாறினான்.

"சீனி கோசோங்க்கா, சுத்தமா இல்ல. டின்னுலயே போட்டிருக்கான் பாரு," என்று காட்டினான்.

எவ்வளவு பொறுப்பான பிள்ளை என்று ஊரெல்லாம் சொல்லிப் பெருமைப்பட்டேன். அம்மா ஐஸ்பெட்டியில் வரிசையாக அடுக்கி வைத்தார். காலையில் ஒன்று என்று ஆரம்பித்தது, போகப் போக தாகத்துக்கும் அதுதான், தூக்கத்தை விரட்டவும் அதுதான் என்றானது. படுத்தால் கண் மூட மாட்டேன் என்கிறது, நெஞ்சு படபடக்கிறது, ஸ்டியரிங் பிடிக்கும்போது கை நடுங்குகிறது என்று அவன் சொல்லாமல் இல்லை. வெயிலில் உழைக்கிற உடம்பு அப்படித்தான் இருக்கும் லா என்று ஆளுக்கு ஆள் வைத்தியம் சொன்னோம்.

அந்த வருடம் அம்மாவுக்குக் கண் ஆபரேஷன். பார்வை திரும்பினால் காவடி எடுப்பதாகத் தம்பி வேண்டிக்கொண்டான், திரும்பியது. விரதம் தொடங்கினான். ஒரு நேரச் சாப்பாடு, அதுவும் சைவம். லோரி வேலைக்கோ லீவு இல்லை. மற்ற நேரமெல்லாம் டின்தான். விரதத்துக்கு இது ஆகுமா என்று ஒரு பேச்சு வந்தது. கவுச்சியும் இல்லை, சீனியும் இல்லை, சுத்தமானதுதான் என்று அம்மாவே தீர்ப்புச் சொல்லிவிட்டார்.

அன்று காலை வெறும் வயிற்றில் அதைக் குடித்துவிட்டுத்தான் ஆற்றில் முழுகினான். பூசை முடிந்து உறுமி அடித்ததும் அவன் உடம்பு உதற ஆரம்பித்தது. வேர்வை ஆறாக ஓடியது, கண் சொருகியது. அருள் வந்துவிட்டது என்று யாரோ சொன்னார்கள். உறுமிக்காரர்கள் இன்னும் வேகமாக அடித்தார்கள். நான் விபூதியை அள்ளி அவன் நெற்றியில் பூசினேன். அவன் என் கையைப் பிடித்து இழுத்துத் தன் நெஞ்சில் வைத்து அழுத்தினான். கூண்டுக்குள் மாட்டிய குருவி மாதிரி உள்ளே என்னவோ தாறுமாறாக அடித்துக்கொண்டது. முருகன் எனக்கு ஆசீர்வாதம் கொடுக்கிறான் என்று நினைத்து, அந்தக் கையைக் கண்ணில் ஒற்றிக்கொண்டேன்.

அவன் விழுந்தான். அப்போதும் ஒருவரும் பதறவில்லை.

"தொடாதீங்க, சாமி மலையேறட்டும்," என்றார் ஒரு பெரியவர். சுற்றி நின்று கும்பிட்டோம். அது எவ்வளவு நேரம் என்று யோசிக்கவே எனக்குத் தைரியம் இல்லை. பால்குடம் எடுக்க வந்திருந்த நர்ஸ் ஒருத்தி கூட்டத்தைத் தள்ளிக்கொண்டு வந்து நாடியைப் பிடித்தாள். பிடித்த உடனே உறுமியை நிறுத்தச் சொல்லி, அவன் நெஞ்சை அமுக்கத் தொடங்கினாள்.

ஆஸ்பத்திரியில் அம்மா கேட்ட முதல் கேள்வி, சீனி எவ்வளவு ஏறியிருக்கிறது என்பதுதான்.

"சீனியெல்லாம் நல்லாத்தான் இருக்கும்மா. இதயம்தான் நின்னு போயிருக்கு," என்றார் டாக்டர்.

டின்னைப் பற்றி நான் சொன்னேன். அதை மட்டும் குற்றம் சொல்ல முடியாது, இதயத்தில் முன்பே ஏதாவது கோளாறு இருந்திருக்கலாம் என்றார். ஆனால் அதில் இருக்கிற கெஃபீன் கொஞ்சநஞ்சம் இல்லையாம். பட்டினி, தூக்கமின்மை, இத்தனை டின் எல்லாம் சேர்ந்தால் இதயத் துடிப்பு தடம் மாறிப் போகலாமாம். சீனி இல்லை என்றால் சீனி மட்டும்தான் இல்லை என்று அவர் சொன்னபோது, இந்தச் சின்ன விஷயம் எங்களில் ஒருத்தருக்கும் தோன்றவில்லையே என்று சுவரில் முட்டிக்கொள்ளலாம் போல இருந்தது.

இதயத்தை ஓட வைத்துவிட்டார்கள். ஆனால் ரத்தம் போகாமல் மூளை கெட்டுவிட்டது. இப்போது அப்பா படுத்திருந்த கட்டிலில் கிடக்கிறான். இரண்டு காலும் நன்றாக இருக்கின்றன, நடக்கத்தான் மாட்டான். என்னை யாரென்று தெரியவில்லை. இனிமேல் தேறுவான் என்று டாக்டரும் சொல்லவில்லை, நானும் நம்பவில்லை. எந்தக் கண்ணுக்காக வேண்டிக்கொண்டானோ, அந்தக் கண்ணால்தான் அம்மா பகலெல்லாம் அவனைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறார்.

கோயில் பக்கம் நான் போவதில்லை. எங்காவது உறுமிச் சத்தம் கேட்டால் இந்த வலது கையை மடிக்குள் ஒளித்துக்கொள்கிறேன். என் தம்பியின் உயிர் உதவி கேட்டு அடித்துக்கொண்டதைத் தொட்டுப் பார்த்தும், அதைச் சாமி என்று நினைத்த கை இது.