கொக்கியில் தொங்கிய ஐந்து சட்டைகள்

என் அண்ணி செத்தவர்களின் துணிகளில் போர்வை தைத்தாள். இப்படிச் சொன்னால் சிலர் முகத்தைச் சுளிப்பார்கள். சுளித்தவர்களே தங்கள் வீட்டில் ஒரு சாவு விழுந்த மறுமாதம் இரண்டு பை நிறையத் துணியோடு எங்கள் வாசலில் வந்து நின்றதையும் பார்த்திருக்கிறேன். அலமாரியில் வைத்திருக்கவும் மனம் வராது, யாருக்காவது கொடுக்கவும் மனம் வராது. அப்படிப்பட்டவர்களுக்கு எங்கள் தெருவில் ஒரே ஒரு வழிதான் இருந்தது. அவளைப் போர்வைக்காரம்மா என்று அழைத்தார்கள்.

முன்னறைதான் அவளுடைய வேலை இடம். ஜன்னலோரம் நீள மேசை, அதன்மேல் பெரிய கத்தரிக்கோல், தகர டப்பாவில் ஊசிகள், ஊசி குத்தாமலிருக்க விரலில் மாட்டிக்கொள்ள ஒரு இரும்புக் குப்பி. சட்டையையும் பாவாடையையும் உள்ளங்கை அளவு சதுரங்களாக வெட்டி ஒன்றோடொன்று ஒட்டுத்தையல் போட்டு மேல்துணி ஆக்குவாள். நடுவில் பழைய கம்பளி, அடியில் ஒரே நிறத் துணி. மூன்றையும் சேர்த்துக் கையாலேயே தைப்பாள். மெஷின் வைத்துக்கொள்ளக் கூடாதா என்று கேட்டால், "மெஷினுக்கு அவசரம். இவங்களுக்கு என்ன அவசரம்?" என்பாள். இவங்க என்றால் செத்தவர்கள்.

அவளிடம் ஒரு வழக்கம் உண்டு. கத்தரிக்கோலைத் தொடும் முன் எல்லாத் துணியின் பையிலும் கையை விட்டுத் துழாவுவாள். கிடைத்ததை ஒரு காகித உறையில் போட்டு, போர்வையோடு சேர்த்துக் கொடுத்துவிடுவாள். பஸ் டிக்கெட், பாதி மாத்திரை அட்டை, மிட்டாய்த் தாள், ஒற்றைப் பொத்தான், மளிகைச் சீட்டு. ஒரு பெண் போர்வையை வாங்கியபோது அழவில்லை. உறையிலிருந்த பல்குத்தும் குச்சியைப் பார்த்ததும் எங்கள் படியிலேயே உட்கார்ந்துவிட்டாள்.

"பையில கைய விடறது செத்தவங்களுக்கு மட்டும்தான். உயிரோட இருக்கறவங்க பை அவங்களோடது. அவங்க துணியையும் நான் வெட்ட மாட்டேன்" என்பாள் அண்ணி. சும்மா பேச்சுக்குச் சொன்னதில்லை. கிழிந்த சட்டையைக் கொண்டுவந்து "இதையும் சேத்து வெட்டுங்க, எங்க வீட்டுக்காரரோடது" என்று சிரித்தபடி நீட்டியவளை, அப்படியே திருப்பி அனுப்பினாள்.

இன்னொன்றும் சொன்னாள். "செத்தவங்க பை எப்பவுமே காலியா இருக்காது. போறோம்னு தெரியாமத்தானே போறாங்க? எதையாவது வெச்சிட்டுத்தான் போவாங்க. இத்தனை வருஷத்துல ரெண்டே பேரோடதுதான் சுத்தமா காலியா இருந்துச்சு. ரெண்டு பேரும் நெனச்சு முடிவு பண்ணிப் போனவங்க. தன் கையாலயே எல்லாத்தையும் எடுத்து வெச்சிட்டுப் போயிருக்காங்க."

நான் அப்போது பாத்திரம் துலக்கிக்கொண்டிருந்தேன். சரியாகக் காதில் வாங்கவில்லை. வாங்கியிருக்க வேண்டும்.

இனி என் அண்ணனைப் பற்றி. பதினொரு வருடங்களுக்கு முன் ஒரு காலையில் வேலைக்குப் போகிறேன் என்று கிளம்பிப் போனவன், திரும்பவில்லை. அன்று காலை ஒரு சட்டையை எடுத்து நீட்டி, "பொத்தான் போயிடுச்சு, தைச்சுக் குடு" என்றான். "அடுப்புல வேலையா இருக்கேன். சாயங்காலம் தைச்சு வெக்கிறேன், வேற போட்டுட்டுப் போங்க" என்றாள் அண்ணி. வேறு சட்டை போட்டுக்கொண்டு போனான். மிச்சம் ஐந்து சட்டைகள் கதவுக்குப் பின்னால் கொக்கிகளில் தொங்கின. அவற்றை யாரும் தொடக் கூடாது என்றாள். துவைக்கவும் கூடாது. அவன் எப்படி மாட்டினானோ அப்படியே இருக்கட்டும், வந்து எடுத்துக்கொள்வான். அதுவரை பொத்தான் தைக்கவே சோம்பல்பட்டவள், அந்த வருடம்தான் ஊசியைக் கையில் எடுத்தாள். பிறகு கீழே வைக்கவில்லை.

மூன்றாம் நாள் போலீஸ் ஸ்டேஷனில் அவனுடைய அடையாள அட்டை வேண்டும் என்றார்கள். அண்ணி வீட்டில் இல்லை. ஆஸ்பத்திரியில் அடையாளம் தெரியாத பிணம் ஒன்று கிடக்கிறது, வந்து பாருங்கள் என்று சொல்லி அனுப்பியிருந்தார்கள். போயிருந்தாள். அட்டையைத் தேடி நான் சட்டைப் பைகளில் கையை விட்டேன். மூன்றாவது சட்டையில் ஒரு கடிதம் இருந்தது.

என்னைத் தேட வேண்டாம், நான் நன்றாக இருப்பேன், கூட வேலை பார்க்கும் பெண்ணோடு போகிறேன், நீ உன் வாழ்க்கையைப் பார்த்துக்கொள் என்று எழுதியிருந்தான். துணி துவைக்கும் அன்று அண்ணி பையைப் பார்ப்பாள், அதற்குள் தொலைவு போய்விடலாம் என்று கணக்குப் போட்டிருக்கிறான். கடைசி வரி: "அம்மாவைத் தங்கை பார்த்துக்கொள்வாள்."

அந்தத் தங்கை நான்தான். ஒரு அலுவலகத்தின் ரெக்கார்டு ரூமில் கோப்புகளை அடுக்குகிறவள். அப்போது எனக்கு இருபத்தாறு வயது. அம்மாவுக்கு இரண்டு முழங்காலும் போய், பிடித்துக்கொள்ள ஆள் இல்லாமல் எழுந்திருக்க முடியாத நிலை. அவன் பாட்டுக்குப் போகிறபோக்கில் அம்மாவை என் தலையில் கட்டிவிட்டுப் போகிறான். இந்தக் கடிதத்தைப் படித்தால் அண்ணி ஒரு நிமிடம் இந்த வீட்டில் இருப்பாளா? ஏன் இருக்க வேண்டும்?

அம்மா தாங்க மாட்டாள், வெளியே தெரிந்தால் மானம் போகும் என்றெல்லாம் பின்னால் எனக்கு நானே சமாதானம் சொல்லிக்கொண்டேன். அதெல்லாம் பூச்சு. அண்ணி போய்விட்டால் அம்மாவை நான்தான் தூக்கி உட்கார வைக்க வேண்டும் என்பதுதான் அந்த நிமிடத்தில் என் மனதில் ஓடியது. கடிதத்தை எடுத்து இடுப்பில் செருகிக்கொண்டேன். அந்தப் பெண்ணின் பெயர் வேறு எதிலாவது இருந்துவிடப் போகிறதே என்ற பயத்தில், ஐந்து சட்டைகளிலும் இருந்த டிக்கெட், சீட்டு, சீப்பு எல்லாவற்றையும் வழித்தெடுத்து அடுப்பில் போட்டேன். சட்டைகளைப் பழையபடி மாட்டினேன்.

சாயங்காலம் அண்ணி வந்தாள். "அவரு இல்ல" என்று சொல்லிவிட்டுச் சிரித்தாள். அவ்வளவு களைப்பான சிரிப்பை நான் அதற்குப் பிறகும் பார்த்ததில்லை. கடிதம் என் இடுப்பில் இருந்தது.

கடிதத்தைக் கிழித்துப் போட ஏனோ கை வரவில்லை. அவள் முதன்முதலில் பழகிப் பார்க்கத் தைத்த போர்வையை எனக்குத்தான் கொடுத்தாள். அதன் ஒரு ஓரத்தைப் பிரித்து, கடிதத்தை உள்ளே தள்ளி, மறுபடி தைத்தேன். பதினொரு வருடம் அதைப் போர்த்திக்கொண்டுதான் தூங்கினேன். தூக்கம் வந்ததா என்று கேட்காதீர்கள், வந்தது.

பிணம் பார்க்க அண்ணி அதற்குப் பிறகும் ஆறு முறை போனாள். துணைக்கு நான் போனேன். உள்ளே போகத் தைரியம் இல்லை என்று சொல்லி வெளியே பெஞ்சில் உட்கார்ந்திருப்பேன். எனக்கா தைரியம் இல்லை? முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைத்தவள் நான்.

அவளைப் பெண் கேட்டும் வந்தார்கள். மனைவியை இழந்த ஒரு தச்சர், நல்ல மனிதர், போர்வை வாங்க வந்தவர் மறுபடி மறுபடி ஏதோ சாக்கில் வந்தார். "எங்க வீட்டுக்காரரு வெளியூர் போயிருக்காரு" என்று சொல்லிக் கதவைச் சாத்தினாள். அவர் செய்து கொடுத்த மேசைதான் இன்றும் முன்னறையில் கிடக்கிறது.

இந்த வருடம் அம்மாவுக்குக் குளிர் வந்தது. காய்ச்சல் இல்லை, வயசு. எத்தனை கம்பளி போர்த்தினாலும் பல் கிட்டித்துக்கொண்டது. ஒரு நாள் மதியம் கஞ்சியைத் தள்ளிவிட்டு, "ஏம்மா, எனக்கு ஒரு போர்வை தைச்சுக் குடு. என் புள்ள சட்டையில" என்றாள்.

அண்ணியின் கையில் கரண்டி அப்படியே நின்றது. "அவரு வந்தா என்ன போட்டுக்குவாரு, அத்தை?"

"வரமாட்டான்மா. நான் பெத்தவ சொல்றேன். நீ காத்திருந்ததும் போதும், விட்டுடு."

ஒரு மாதம் அவள் அந்தப் பேச்சையே எடுக்கவில்லை. அம்மா நடுங்கிக்கொண்டே இருந்தாள். நான்தான் நச்சரித்தேன். "வெட்டிடுங்க அண்ணி. அம்மாவோட கடைசி ஆசை" என்றேன். எனக்கு உள்ளூர ஒரு நிம்மதி. அந்தச் சட்டைகளை அவள் வெட்டிவிட்டால் அவளைப் பொறுத்தவரை அவன் செத்தவன். காத்திருப்பது முடியும். நாற்பது வயதுதான், ஏதாவது வழி பார்த்துக்கொள்வாள். நானும் வாயைத் திறக்க வேண்டியதில்லை. பாம்பும் சாக வேண்டும், கம்பும் முறியக் கூடாது. என் கெட்டிக்காரத்தனம் எப்போதும் இப்படித்தான்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை அவள் கொக்கிகளிலிருந்து சட்டைகளை எடுத்து மேசையில் வைத்தாள். தோள்பட்டையில் பதினொரு வருடத் தூசி கோடு போட்டிருந்தது. காகித உறை ஒன்றை எடுத்துப் பக்கத்தில் வைத்தாள். பிறகு முதல் சட்டையின் பையில் கையை விட்டாள்.

அப்போதுதான் எனக்கு உறைத்தது. நான் வாசற்படியில் நின்றேன்.

இரண்டாவது. மூன்றாவது. ஐந்தாவதுதான் பொத்தான் இல்லாத சட்டை. அதன் பையை வெளியே இழுத்துத் திருப்பியே பார்த்தாள். ஒரு நூல்கூட இல்லை. காலி உறையை மெதுவாக மடித்தாள்.

"காலி பண்ணி வெச்சிட்டுப் போயிருக்காரு" என்றாள்.

"அண்ணி..."

"அஞ்சு சட்டையிலயும் ஒண்ணுமில்ல. ஒரு பஸ் டிக்கெட்கூட இல்ல. தெரிஞ்சேதான் போயிருக்காரு. தன்னை முடிச்சுக்கத்தான் போயிருக்காரு." பொத்தான் இல்லாத சட்டையைத் தடவியபடி, "ஒரு பொத்தான் கேட்டாரு. சாயங்காலம்னு சொன்னேன்" என்றாள்.

அழவில்லை. கத்தரிக்கோலை எடுத்தாள். வெட்டத் தொடங்கினாள்.

மூன்று நாள் நான் வேலைக்குப் போய் வந்தேன். மூன்று நாளும் அவள் சதுரம் சதுரமாக வெட்டி ஒட்டித் தைத்தபடியே அந்தக் காலையைத் திரும்பத் திரும்பச் சொன்னாள். அடுப்பில் என்ன கொதித்தது, அவன் எந்தப் பக்கம் நின்றான், பொத்தான் தைக்க எவ்வளவு நேரம் ஆகும். "ரெண்டு நிமிஷம்கூட ஆகாது. நானே இப்ப எண்ணிப் பாத்தேன்" என்றாள். சாப்பிடச் சொன்னால், தட்டைப் பார்த்துக்கொண்டே உட்கார்ந்திருந்தாள். அவனுக்கு ஒரு குறையும் இல்லாமல் எங்கோ இன்னொருத்தி பொத்தான் தைத்துக் கொடுத்துக்கொண்டிருப்பாள். இவள் இங்கே கொலைகாரி மாதிரி உட்கார்ந்திருக்கிறாள்.

நாலாம் நாள் லீவு போட்டேன். அம்மா உள்ளே கண்ணயர்ந்திருந்தாள். என் போர்வையைக் கொண்டுவந்து மேசையில் விரித்தேன். சின்னக் கத்தரிக்கோலால் ஓரத்தைப் பிரித்து, மஞ்சளாகிப் போன காகிதத்தை எடுத்து அவள் முன் வைத்தேன். "அவன் பை காலியா இல்ல, அண்ணி. நான்தான் எடுத்தேன்."

இரண்டு முறை படித்தாள். பிறகு காகிதத்தை விட்டுவிட்டு, நான் பிரித்த ஓரத்தைத் தடவிப் பார்த்தாள்.

"இந்தத் தையல் என்னுது இல்லன்னு எனக்கு முன்னாடியே தெரியும். எலி கடிச்சிருக்கும், நீ தைச்சிருப்பேன்னு நெனச்சேன். கோணலா இருந்துச்சு. சொன்னா மனசு கஷ்டப்படுவியேன்னு விட்டுட்டேன்" என்றாள். பிறகு, "என்னைக்கு எடுத்தே?"

"மூணாம் நாள்."

"நான் ஆஸ்பத்திரிக்குப் போன அன்னைக்கா?"

"ஆமா."

"அப்புறம் ஆறு தடவை போனேன். நீ வெளிய பெஞ்சுல உக்காந்திருந்தே."

"உக்காந்திருந்தேன்."

திட்டுவாள், அடிப்பாள் என்று காத்திருந்தேன். அடித்திருந்தால் தேவலை. மேசை முழுக்கப் பரவிக் கிடந்த சதுரங்களைப் பார்த்தாள். "உயிரோட இருக்கறவன் சட்டைய வெட்ட வெச்சிட்டியே" என்றாள். அவ்வளவுதான். உள்ளறைப் பக்கம் தலையைத் திருப்பி, "அத்தைக்குத் தெரியுமா?" என்று கேட்டாள்.

"தெரியாது."

"தெரிய வேண்டாம்." ஊசியில் நூல் கோத்தாள். இரும்புக் குப்பியை விரலில் மாட்டிக்கொண்டு, விட்ட இடத்திலிருந்து தைத்தாள்.

மேலும் ஐந்து நாளில் போர்வை முடிந்தது. அம்மா அதை முகவாய் வரை இழுத்துக்கொண்டு, "நல்லா கனமா இருக்கு" என்றாள். நடுக்கம் நின்றதா என்று சொல்லத் தெரியவில்லை. அதைப் போர்த்திய பதினோராம் நாள் காலையில் அம்மா எழுந்திருக்கவில்லை. போர்வையோடுதான் அனுப்பினோம். அந்த நாட்களிலெல்லாம் அண்ணி என்னிடம் எப்போதும்போலத்தான் பேசினாள். சாப்பிட்டியா, குடை எடுத்துக்கிட்டியா, கதவைச் சாத்து. பொத்தான் பற்றி மட்டும் பிறகு பேசவில்லை.

காரியமெல்லாம் முடிந்த மறுவாரம் நான் வேலைவிட்டு வந்தபோது முன்னறை துடைத்து வைத்தாற்போல் இருந்தது. பெரிய கத்தரிக்கோல் இல்லை. ஊசி டப்பா இல்லை, இரும்புக் குப்பி இல்லை. தைத்து முடிக்காத போர்வைகளை அவரவர் வீட்டில் அன்று மதியமே திருப்பிக் கொடுத்துவிட்டாளாம். எங்கே போகிறாள் என்று யாரும் கேட்கவில்லை. தச்சரிடம் போய்க் கேட்டேன். அவர் கண்ணில் இருந்த திகைப்பே போதும், அங்கேயும் இல்லை.

வேலை செய்யும்போது அவள் மேலே மாட்டிக்கொள்ளும் அங்கி மட்டும் கதவுக்குப் பின்னால், அண்ணன் சட்டைகள் தொங்கிய கொக்கியில் தொங்குகிறது. முன்பக்கம் இரண்டு பெரிய பைகள். ஏழு வாரமாகிறது. ஆஸ்பத்திரியிலிருந்து யாராவது சொல்லி அனுப்பினால் இந்த முறை நான்தான் உள்ளே போக வேண்டும்.

தினமும் அதன் முன்னால் போய் நிற்கிறேன். கையை மட்டும் உள்ளே விடவில்லை. காலியாக இருந்தால் என்ன அர்த்தம் என்று எனக்குத் தெரியும். அவள்தான் சொல்லியிருக்கிறாள்.