அடிக்காத மணி

போன வருடம் கார்த்திகை மாதம். கொக்குவிலில் ஒரு சின்ன மண்டபம். பின்னேரம் நான்கு மணி இருக்கும். மழை அப்போதுதான் விட்டிருந்தது. அங்கே பார்த்த ஒரு நாடகத்தைப் பற்றித்தான் எழுதுகிறேன். நாடகம் பத்து நிமிடம்தான். நான் ஐந்தாம் வகுப்போடு கடலுக்குப் போனவன். எழுதிப் பழக்கம் இல்லை. பிழை இருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள்.

எங்கள் ஊர் குருநகர். தோள் பழுதான பிறகு எனக்குக் கடல் தொழில் இல்லை. கோயிலைக் கூட்டுவேன், மெழுகுதிரி ஏற்றுவேன், மணி அடிப்பேன். வலை இழுக்கத் தோள் விடாது. மணிக்கயிறு இழுக்க விடும்.

பூசை மணி வேறு, துக்கமணி வேறு. துக்கமணியை அவசரப்பட்டு அடிக்கக் கூடாது. ஒரு அடி. அந்தச் சத்தம் முழுதாக அடங்க வேண்டும். பிறகுதான் அடுத்த அடி. அதைக் கேட்டால் மீன் வெட்டுகிற பெண்கள் கத்தியை வைத்துவிட்டுச் சிலுவை போடுவார்கள். மதிலுக்கு மேலால் எட்டிப் பார்த்து, "ஆர்?" என்று கேட்பார்கள். செத்த வீட்டுக்காரர் வந்து சொன்னால்தான் நான் அடிப்பேன். கடலில் போய் உடம்பு கிடைக்காத ஆள் என்றால், வீட்டுக்காரர் தங்கள் வாயால் சொல்லும் மட்டும் அடிப்பதில்லை. எங்கள் பக்கத்து வழக்கம் அது.

என் தம்பிக்கு அந்த மணி அடிக்கவில்லை.

அதற்கு முந்திய மார்கழியில் தொழிலுக்குப் போனவன் வரவில்லை. படகு மண்டைதீவுப் பக்கம் கிடந்தது. வலை பாதி தண்ணீரில், பாதி படகில். செருப்புகள் படகின் முன் அணியத்தில் சோடியாக இருந்தன. ஆள் இல்லை. தேடினோம். கிடைக்கவில்லை.

தம்பியின் மனைவி, அக்கா, நான் மூவரும் ஒரே வளவில், ஒரு வேலிக்குள்தான் இருக்கிறோம். தம்பியின் மனைவி அழுததை நான் காணவில்லை. வெள்ளை கட்டவில்லை. மாதம் ஒருமுறை பூசை ஒப்புக்கொடுப்பாள். ஆத்துமா இளைப்பாற்றிக்கு என்று சொல்ல மாட்டாள். "கடலுக்குப் போனவருக்காக" என்று மட்டும் சொல்லிவிடுவாள். பூசை வைக்கிற சுவாமியாரும் அப்படியே வாசிப்பார்.

அக்காவுக்கு அது பொறுக்காது.

"உயிரோடை இருக்கிறவனுக்கு வைக்கிற பூசையடி உது. என்ரை தம்பியின்ரை ஆத்துமா கரையேறாமல் கிடக்குது."

"நீங்கள் கண்டனீங்களோ மச்சாள்?"

அதற்கு மேல் கதை நடக்காது. அக்கா சட்டியைப் பலமாக வைப்பார். அவள் கிணற்றடிக்குப் போய்விடுவாள்.

தம்பி போய் ஒரு ஆண்டு முடிய இருந்தது. அக்கா தன்பாட்டில் ஒரு முடிவு எடுத்தார். "ஆண்டு நிறையிற அண்டைக்கு விடிய நீ மணியை அடி. அவளைக் கேட்டுக்கொண்டிருந்தால் நாங்களும் செத்துப் போவம்" என்றார். நான் ஒன்றும் சொல்லவில்லை. அக்கா அதை ஓம் என்று எடுத்துக்கொண்டார். அது ஓமோ இல்லையோ எனக்கே தெரியாது.

அந்த நாட்களில்தான் ஒரு பொடியன் கோயிலுக்கு வந்தான். கொக்குவிலில் நாடகம் பழக்குகிறவன். முப்பது வயது வரும். பழைய மணிக்கயிறு ஒன்று இருந்தால் தரச் சொல்லிக் கேட்டான். நைலோன் கயிறு போட்ட பிறகு பழசு சும்மாதான் கிடந்தது. எடுத்துக் கொடுத்தேன்.

"என்ன நாடகம் தம்பி? எவ்வளவு நேரம்?"

"பத்து நிமிசம் அண்ணை."

"பத்து நிமிசமோ? எங்கடை கூத்திலை ராசா திரைக்கு வெளியிலை வரவே அரை மணித்தியாலம் செல்லும்."

அவன் சிரித்தான். பிறகு துக்கமணி எப்படி அடிப்பது என்று கேட்டான். காட்டினேன். எப்போது அடிக்க மாட்டீர்கள் என்றும் கேட்டான். வழக்கத்தைச் சொன்னேன். எங்கள் வீட்டுக் கதையைச் சொல்லவில்லை. குடும்பத்தோடு வரச் சொல்லிவிட்டுப் போனான்.

அக்காதான் முதலில் வெளிக்கிட்டார். "பத்து நிமிச நாடகத்துக்குச் சாறி வேறை மாத்தோணுமோ?" என்று பகிடி விட்டுக்கொண்டு நல்ல சாறியாகப் பார்த்துக் கட்டினார். தம்பியின் மனைவி வருவாள் என்று நான் நினைக்கவில்லை. கேட்டேன். "வாறன் அத்தான்" என்றாள். வீட்டில் அக்காவின் வாய்க்குள் இருப்பதைவிட நல்லது என்று நினைத்தாளோ தெரியாது.

அன்று நாலைந்து நாடகங்கள். எல்லாம் குட்டி. ஒன்றில் இரண்டு பேர் பஸ்ஸுக்குக் காத்து நின்று சண்டை பிடித்தார்கள். பஸ் வந்தபோது ஒருவரும் ஏறவில்லை. அக்கா வாய்விட்டுச் சிரித்தார். "வடிவாய்ச் செய்யினம். ஆனால் தேத்தண்ணி ஊதிக் குடிக்க முதல் முடிச்சுப் போடுறாங்கள்" என்றார்.

அடுத்தது என்னுடைய கயிறு.

மேடையில் வேறு ஒன்றும் இல்லை. கோபுரம் இல்லை. மணி இல்லை. மேலே இருந்து கயிறு தொங்கியது. கீழே ஒரு பெண் கூட்டிக்கொண்டு நின்றாள். ஒரு ஆள் வந்தான். கையை உடுத்திருந்த சாரத்தில் துடைத்தான். கயிற்றைப் பிடித்தான். பிடித்த விதம் பிழை. அப்படிப் பிடித்தால் உள்ளங்கை உரியும். எனக்குச் சிரிப்பு வந்தது.

"ஆருக்கு?" என்று அந்தப் பெண் கேட்டாள்.

அவன் சொல்லவில்லை. அவளைப் பார்க்கவும் இல்லை. அவள் திரும்பவும் கூட்டினாள். கூட்டின இடத்தையே கூட்டினாள். ஆருக்கு என்று அவளுக்கே தெரிந்துவிட்டது என்பது எங்கள் எல்லோருக்கும் விளங்கியது. பிறகு தும்புத்தடியைக் கீழே வைத்துவிட்டு வந்து, அவனுடைய கைக்கு மேலே கயிற்றைப் பிடித்தாள்.

இரண்டு பேரும் அப்படியே நின்றார்கள். எவ்வளவு நேரம் என்று தெரியாது.

"நேரம் போகுது" என்றான் அவன்.

"உந்தச் சத்தம் அங்கை கேக்கும். கேட்டால், தன்னை விட்டிட்டினம் எண்டு நினைப்பார்" என்றாள்.

அவ்வளவுதான் அவள் பேசியது. சத்தம் போடவில்லை. அழவில்லை. மீன் விலை சொல்வது போலச் சொன்னாள். அந்த ஆள் மெதுவாகக் கையை எடுத்துவிட்டுத் தள்ளி நின்றான். இப்போது கயிறு அவள் கையில் மட்டும். மேலே அண்ணாந்து பார்த்தாள். அடிப்பாளா, விடுவாளா என்று நாங்கள் பார்த்துக்கொண்டிருந்தோம். லைட் அணைந்தது. மணிச் சத்தத்துக்காக இருட்டில் இருந்தோம். மணி அடிக்கவில்லை. லைட் வந்தது. மேடையில் ஒருவரும் இல்லை. கயிறு மட்டும் ஆடிக்கொண்டிருந்தது.

அவ்வளவுதான் நாடகம்.

யாரும் கை தட்டவில்லை. கடலுக்குப் போகாத வீட்டுச் சனம்தான் அங்கே அதிகம். அவர்களும் எழும்பவில்லை. முன் வரிசையில் ஒரு வயதானவர் கண்ணாடியைக் கழற்றி மடியில் வைத்துக்கொண்டு இருந்தார். எங்கள் மண்ணில் திரும்பி வராதவர்கள் கடலுக்குப் போனவர்கள் மட்டும் இல்லை.

"முடிஞ்சுதோ? மணி அடிக்கேல்லையே" என்றார் அக்கா. கட்டின நல்ல சாறியின் தலைப்பை முறுக்கிக்கொண்டிருந்தார்.

எனக்குப் பக்கத்தில் பார்க்கப் பயம். எங்கள் வீட்டுக் கதையை நான் விற்றுவிட்டேன் என்று தம்பியின் மனைவி நினைப்பாளே என்று இருந்தது. கடலில் எத்தனையோ காற்றுக்கு நின்றவன் நான். அன்று ஆடுகிற கயிற்றையே பார்த்துக்கொண்டிருந்தேன்.

திரும்பி வரும்போது பஸ்ஸில் அக்கா முன் சீட்டில் இருந்தார். நானும் அவளும் பின்னால். திரும்பவும் மழை தூறியது.

"நீங்களோ அத்தான் சொன்னனீங்கள்?"

"கயிறு குடுத்தனான். வழக்கத்தைச் சொன்னனான். உன்ரை கதை சொல்லேல்லை பிள்ளை."

அவள் யன்னலில் படிந்த நீரைத் துடைத்தாள். பிறகு யன்னலைப் பார்த்துக்கொண்டே சொன்னாள். "அவ சொன்னதுதான் நானும் நினைச்சுக்கொண்டிருந்தனான். ஒருத்தருக்கும் சொல்லேல்லை. அதை எப்பிடிக் கண்டுபிடிச்சாங்கள்?"

எனக்கும் தெரியாது என்றேன்.

பஸ் பெரியாஸ்பத்திரி தாண்டும்போது சொன்னாள். "அவையள் லைட்டை நிப்பாட்டிப்போட்டு வீட்டை போயிட்டினம். எனக்கு நாளைக்கும் விடியுதே அத்தான். எவ்வளவு நாளைக்குக் கயித்தைப் பிடிச்சுக்கொண்டு நிக்கிறது?"

இறங்கும்போது என் கையைத் தொட்டாள். "மச்சாள் சொன்ன நாளுக்கு அடியுங்கோ. நான் வருவன். நான் வராமல் அடிக்கக் கூடாது."

அக்கா முடிவெடுத்தது அவளுக்கு எப்படித் தெரியும் என்று நான் கேட்கவில்லை. ஒரே வளவு.

அடுத்த கிழமை அந்தப் பொடியன் கயிற்றைத் திருப்பிக் கொண்டுவந்தான். ஏன் மணி அடிக்கவில்லை என்று கேட்டேன்.

"முதல் அடிச்சனாங்கள் அண்ணை. ரேப் ரெக்கோடரிலை மணிச் சத்தம் போட்டுப் பாத்தம். பாத்த ஆக்கள் கண்ணைத் துடைச்சுப்போட்டு எழும்பிட்டினம். முடிஞ்சு போன மாதிரி. அதை எடுத்திட்டம். முதல் அரை மணித்தியால நாடகம் அண்ணை. பாட்டு இருந்தது, சுவாமியார் இருந்தார், படகு இருந்தது. ஒவ்வொண்டாய் வெட்டினம்."

"அப்ப மீனை வெட்டி எடுத்துப்போட்டு முள்ளை மட்டும் வைச்சிருக்கிறீர்."

"ஓம் அண்ணை" என்று சிரித்தான்.

அப்போதுதான் எனக்கு விளங்கியது. விடிய விடியக் கூத்துப் பார்த்தவன் நான். ராசா செத்தால் அவன் செத்ததைப் பாட்டாகப் பாடுவார்கள். நாங்கள் கேட்டு அழுதுவிட்டு வீட்டுக்குப் போய் நித்திரை கொள்வோம். இவன் அழுவதற்கு விடவில்லை. மணியை அடிக்காமல் வீட்டுக்கு அனுப்பிவிட்டான். என்ன சொன்னான் என்பதைவிட எதை வெட்டி எடுத்தான் என்பதுதான் பெரிய வேலை. அவனிடம் அதைச் சொல்ல எனக்கு வரவில்லை. தேத்தண்ணி வாங்கிக் கொடுத்தேன்.

மார்கழியில் அந்த நாள் வந்தது. விடிய வெளிச்சம் வர முதல் கோயிலடிக்குப் போனேன். பனி. தம்பியின் மனைவி எனக்கு முன்னமே வந்து நின்றாள். வெள்ளைச் சாறி. நான் அந்தச் சாறியைப் பார்த்துவிட்டுத் தலை குனிந்துகொண்டேன்.

கயிற்றைப் பிடித்தேன். அவள் வந்து என் கைக்கு மேலே பிடித்தாள். நாடகத்தில் அந்தப் பெண் பிடித்த மாதிரியே. வேண்டாம் என்று சொல்லப் போகிறாள் என்று நினைத்தேன். சொன்னால் விட்டுவிடுவது என்றும் நினைத்தேன். காத்து நின்றேன். கடற்கரைப் பக்கம் ஒரு எஞ்சின் சத்தம் வந்து போனது.

"கேக்கட்டும்" என்றாள்.

அவள்தான் இழுத்தாள். நான் கூடப் பிடித்தேன்.

முதல் அடி. அது அடங்க முதலே அக்கா வளவிலிருந்து ஓடி வந்தார். ஒரு வருடமாக அடி அடி என்று நின்ற அக்கா. கோயில் வாசலில் ஈர மண்ணில் குந்தி இருந்துவிட்டார். காதைப் பொத்திக்கொண்டு, "காணுமடா, நிப்பாட்டு, ஐயோ நிப்பாட்டு" என்றார். தம்பியின் மனைவி கயிற்றை விட்டுவிட்டுப் போய் அவருக்குப் பக்கத்தில் இருந்தாள். அக்காவின் தலையைத் தன் தோளில் சாய்த்துக்கொண்டு என்னைப் பார்த்துத் தலையாட்டினாள். மிச்சத்தை நான் தனிய அடித்தேன். அன்று மதிலுக்கு மேலால் ஒருவரும், "ஆர்?" என்று கேட்கவில்லை.

அவளுக்கு ஆறிவிட்டது என்று நான் சொல்ல மாட்டேன். ஆத்துமாவுக்கு என்றுதான் இப்போது பூசை ஒப்புக்கொடுக்கிறாள். அக்காவோடு சண்டை இல்லை. பின்னேரங்களில் கடற்கரைக்குப் போவது மட்டும் நிற்கவில்லை. நாங்களும் கேட்பதில்லை.

முன்பெல்லாம் துக்கமணியின் கடைசி அடியோடு கயிற்றை விட்டுவிட்டு என் வேலையைப் பார்க்கப் போய்விடுவேன். இப்போது அந்தக் கயிறு ஆடி ஓயும் மட்டும் நிற்கிறேன், போனவருக்காக அவ்வளவு நேரமாவது நிற்க வேண்டும் என்று எனக்குக் காட்டியது மணியே அடிக்காத அந்தப் பத்து நிமிடம்தான்.