கதவு திறக்கும் முன் ஒரு சின்னச் சந்தேகம்

லிஃப்ட் நடுவழியில் நின்றுபோனால் தார்மோ சாவியோடு உடனே வந்துவிடுவான். கதவைத்தான் உடனே திறக்க மாட்டான். வெளியே குந்தி உட்கார்ந்து, பிளாஸ்கிலிருந்து அதன் மூடியில் காப்பி ஊற்றிக்கொள்ளும் சத்தம் உள்ளே கேட்கும். பிறகு தொண்டையைச் செருமுவான். "தப்பா நெனைக்காதீங்க. ஒரு சின்னச் சந்தேகம்." உள்ளே மாட்டிக்கொண்டவர் எழுந்து போகவா முடியும்? பதில் சொல்லித்தான் ஆக வேண்டும்.

லிஃப்ட் பழுது பார்ப்பது அவன் தொழில். இந்தக் குளிர் தேசத்துத் தம்பெரே ஊரில் பாதி லிஃப்டுகள் அவன் கை பட்டவை. ஐம்பதைத் தாண்டியவன், தனிக்கட்டை, எங்கள் கட்டடத்தில் தரைத்தள வீடு. எதிரே ஒரு முகம் தெரிந்தால் அவன் வாய் பூட்டிக்கொள்ளும். நடுவில் ஓர் இரும்புக் கதவு இருந்துவிட்டால் சிநேகம், காதல், கல்யாணம் என்று எதையும் கேட்டுவிடுவான். தபால்காரர் மாட்டியபோது பூ வாங்கிக் கொடு என்றாராம். பல் டாக்டர் அம்மா, முதலில் ஒரு நாயை வளர்த்துப் பழகு என்றாளாம். ஒருமுறை பாதிரியார் மாட்டினார். அவர் சொன்ன யோசனை முடிகிற வழியாக இல்லை. இவனே அவசரமாகக் கதவைத் திறந்து அவரை அனுப்பிவைத்தான். எல்லோருக்கும் அவன் சொல்வது ஒன்றுதான். "சரி, யோசிக்கிறேன்." யோசித்து யோசித்தே தலைமுடி போய்விட்டது.

நானும் அப்படி மாட்டியவள்தான். மகன் குடும்பத்தோடு இங்கே வந்து எத்தனையோ குளிர்காலம் பார்த்துவிட்டேன். கட்டடத்தில் சின்னவர் பெரியவர் எல்லோருக்கும் நான் மும்மோ, அதாவது பாட்டி. அன்று கதவுக்கு அந்தப் பக்கமிருந்து அவன் கேட்டது இது: "ஒரே நாள்ல ஒரு பொம்பளைக்கு ரெண்டு தடவ வணக்கம் சொன்னா, ரொம்ப மேல விழுந்து பழகுற மாதிரி ஆயிடுமா, மும்மோ?"

காதலைப் பற்றிக் கேட்க அவனுக்குக் கிடைத்த ஆளைப் பாருங்கள். கல்யாணத்தன்று என் வீட்டுக்காரரின் கால் பெருவிரலைத்தான் நான் பார்த்தேன். முகத்தைப் பார்க்க மறுநாள் ஆயிற்று. ஆனால் ஒருவர் கேட்டுவிட்டால், தெரியாது என்று சொல்லும் பழக்கம் எனக்குக் கிடையாது. கூப்பிட்டுச் சோறு போடு என்றேன். தலைவலிக்கும் கால் குடைச்சலுக்கும்கூட நான் சொல்லும் வைத்தியம் அதுதான். யோசிக்கிறேன் என்றான்.

அந்தப் பொம்பளை யார் என்று கண்டுபிடிக்க எனக்கு ஒரு வெள்ளிக்கிழமை போதும். கட்டடத்துக்குப் பொதுவான சௌனா அறை கீழ்த்தளத்தில் இருக்கிறது. வீட்டுக்கு வாரம் ஒரு மணி நேரம் ஆவி பிடிக்கும் முறை. முறை எழுதி ஒட்டிய தாளை எனக்குப் படிக்கத் தெரியாது. யார் வெந்து சிவந்து மேலே வருகிறார்கள் என்று பார்த்துக் கிழமையைச் சொல்லிவிடுவேன். தார்மோ பீட்ரூட் நிறத்தில் வந்தால் வெள்ளி. அவனுக்கு அடுத்த முறை இர்மெலிக்கு. நாலாம் மாடி, நூலகத்தில் வேலை, கணவர் தவறிப் பல வருஷம் ஆகிறது. அவன் அங்கி மாட்டிக்கொண்டு வெளியே வர, அவள் துண்டோடு உள்ளே போக, வாசலில் ஒரு கணம் எதிரெதிரே நிற்பார்கள். "நல்ல சூடா இருக்கு," என்பான் அவன். "நன்றி," என்பாள் அவள். பல வருஷமாக இவ்வளவுதான். ஆனால் அவளுக்காகப் பலகையைத் துடைத்து, வாளியில் தண்ணீர் நிரப்பி, சுடுகல்லில் தண்ணீர் ஊற்றும் அகப்பையைப் பிடி அவள் பக்கம் பார்க்க வைத்துவிட்டுத்தான் வருவான். இந்த ஊர் ஆண்பிள்ளை இதற்குமேல் எதை வெளிப்படையாகச் செய்வான்?

இந்தப் பனிக்காலக் கடைசியில் ஒரு சனிக்கிழமை முறை காலியானது. சனிக்கிழமை லேசில் கிடைக்காது. யாராவது சாக வேண்டும், இல்லையென்றால் மகள் வீட்டோடு போக வேண்டும். இரண்டாம் மாடிப் பெரியவர் மகள் வீட்டோடு போனார். அதை இர்மெலி எடுத்துக்கொள்ளப் போகிறாள் என்று பேச்சு கிளம்பியது. அவள் சனிக்கிழமைக்குப் போனால் தார்மோவுக்கு அந்த வாசல் கணமும் போயிற்று.

அன்று என் வீட்டுக் கதவைத் தட்டினான். திறந்தேன். அவன் அதைப் பாதி சாத்திவிட்டு, அந்தப் பக்கம் நின்றுகொண்டு சந்தேகம் கேட்டான். போக வேண்டாம் என்று அவளிடமே போய்ச் சொல்லு, கையோடு ஏதாவது தின்னக் கொண்டு போ என்றேன். யோசிக்கப் போனான்.

யோசித்து அவன் கண்டுபிடித்ததைக் கேளுங்கள். வாரா வாரம் தான் அங்கியோடு சிவந்துபோய் வழியில் நிற்பதால்தான் பாவம் அவள் கிழமை மாற்றுகிறாளாம். ஆகவே அடுத்த வெள்ளியிலிருந்து தன் முறை முடியப் பத்து நிமிஷம் இருக்கும்போதே எழுந்து வீட்டுக்குப் போய்விட ஆரம்பித்தான். அவள் வரும்போது துடைத்த பலகையும் நிறைந்த வாளியும் மட்டும். "இனிமே அவங்களுக்கு என்னால தொந்தரவு இல்ல, மும்மோ," என்று பெருமையாக வேறு சொன்னான். ஒருத்தி போய்விடக் கூடாது என்பதற்காகத் தான் முதலில் போனவனை நான் அன்றுதான் பார்த்தேன்.

இவனை நம்பிப் பயனில்லை என்று நானே இறங்கினேன். லிஃப்டுக்குள் குதித்தால் நின்றுவிடும் என்று அவன் பிள்ளைகளைத் திட்டியதைக் கேட்டிருக்கிறேன். இரண்டு வெள்ளி கழித்து நானும் இர்மெலியும் மட்டும் லிஃப்டில். அவள் ஓர் ஓரமாகத் தன் செருப்பைப் பார்த்துக்கொண்டு நின்றாள். நான் கம்பியைப் பிடித்துக்கொண்டு, இந்த உடம்பை வைத்துக்கொண்டு, குதித்தேன். நிற்கவில்லை. மறுபடி குதித்தேன். இர்மெலி தலையை நிமிர்த்தினாள். அடுத்த குதியில் லிஃப்ட் முனகி நின்றது. என் முழங்காலும் முனகியது.

ஆபத்துப் பொத்தானை அழுத்தினோம். படியில் அவன் காலடி கேட்டது.

"யாரு உள்ளே?"

"நான்தான், மும்மோ."

பொய் இல்லை, பாதிதான். கதவைத் திறப்பான், அவளைப் பார்ப்பான், ஒரு வார்த்தை வரும் என்பது என் கணக்கு. காப்பி ஊற்றும் சத்தம் கேட்ட பிறகுதான் என் தப்பு எனக்குப் புரிந்தது. நான் குதித்தேனே தவிர, அவன் பழக்கத்தை மறந்துபோனேன்.

"தப்பா நெனைக்காதீங்க. ஒரு சின்னச் சந்தேகம்."

"தம்பி, இன்னைக்கு எனக்கு ஒண்ணும் தெரியாது. மொதல்ல கதவத் தெற."

"நீங்க தெரியாதுன்னு சொல்றீங்களா? ஒடம்பு ஏதும் சரியில்லையா?" கொஞ்சம் நிறுத்தினான். "இர்மெலி நாளைக்குப் போய் அந்தச் சனிக்கிழமை முறைக்குப் பேர் குடுக்கறாங்களாம். நான் பத்து நிமிஷம் முன்னாடியே கெளம்பிப் பாத்துட்டேன். இருபது நிமிஷம் முன்னாடி கெளம்பணுமோ?"

நான் லிஃப்டின் கூரையைப் பார்த்தேன். அங்கே ஒரு விளக்கு இருக்கிறது, வேறொன்றும் இல்லை. இர்மெலி நகர்ந்து கதவருகில் போய் நின்றாள்.

"சனிக்கிழமை வேணுமான்னு கேட்டாங்க. வேண்டாம்னுதான் சொன்னேன்," என்றாள் மெதுவாக. "அப்புறம் நீங்க நான் வர்றதுக்கு முன்னாடியே கெளம்ப ஆரம்பிச்சீங்க. என்னைப் பாக்கப் பிடிக்கலையோன்னு நெனச்சேன்."

வெளியே அவன் எழுந்து நகரும் சத்தம் கேட்டது. ஓடிவிட்டான் என்றே நினைத்தேன்.

"நாளைக்குப் பேர் குடுக்கட்டுமா, வேண்டாமா?" என்றாள் அவள். "யோசிக்கிறேன்னு சொல்லாதீங்க."

சாவி திரும்பியது. கதவு ஒரு கை அகலம் திறந்து நின்றது. முகம் தெரியவில்லை. அந்த இடைவெளி வழியே ஒரு கை மட்டும் உள்ளே நீண்டது. கையில் பிளாஸ்க் மூடி, அதில் தளும்பத் தளும்பக் காப்பி. குதித்த களைப்பில் நான்தான் முதலில் கையை நீட்டினேன். என் வளையல் சத்தம் கேட்டதும் மூடி என் விரல்களை விட்டு விலகி, சிந்திக்கொண்டே இர்மெலி நின்ற பக்கம் போயிற்று.