பூட்டிய காரியாலயத்துக்கு வெளியே என் கடிதம்

புளத்கொகுபிட்டியவுக்கு மேலேயுள்ள இறப்பர்த் தோட்டமொன்றில் நான் தலைமை எழுதுநராக இருந்தேன். இரகசியக் கடிதங்களை நானே கணினியில் தட்டச்சுச் செய்வேன். மாலையில் காரியாலயக் கதவுக்கு இரண்டு பூட்டுகளைப் போட்டு, அரக்கு முத்திரை வைப்பதும் என் பொறுப்பே. என் வாயிலிருந்து தோட்டத்துச் செய்தி எதுவும் கசிந்ததில்லை.

கம்பியில்லா இணையம் வந்த புதிதில், பங்களாவிலிருந்தே கடிதங்களைப் பார்க்கத் தோட்ட நிர்வாகியான துரை விரும்பினார். ஆகவே அதன் அலைகளைப் பரப்பும் பெட்டி சன்னலோரத்தில் வைக்கப்பட்டது. காவற்காரர் இருக்கையில் கடவுச்சொல் எதற்கு என்று அதையும் அவரே தவிர்த்துவிட்டார்.

மேற்கணக்கு என்ற பிரிவை மூடுவது பற்றிய கடிதத்தைத் தயாரித்த மறுநாள், காலையில் வேலைக்கு ஆள் பிரிக்கும் பெரட்டுக்கு வந்த பால்வெட்டும் பெண்ணொருத்தி என்னை மறித்தாள்.

"மேக்கணக்க மூடப்போறாங்களாமே ஐயா. ஒளிச்சு வச்சது போதும், சொல்லிருங்க."

அதை அறிந்தவர்கள் துரையும் நானுமே. செய்தி காதுக்கு எட்டியதும் துரை என்னை விசாரிக்கவேயில்லை. சாவிக்கொத்தைக் கேட்டு வாங்கிக்கொண்டார். அதைவிட அவர் என்னைத் திருடன் என்றே அழைத்திருக்கலாம்.

கேகாலையிலிருந்து கணினி வல்லுநர் ஒருவரை அழைப்பிக்குமாறு நான் வற்புறுத்தினேன். வந்தவர் ஓர் இளம்பெண். கதவின் முத்திரையைப் பார்த்துவிட்டுக் காவற்காரரை விசாரித்தார்.

"ஈ காக்கா உள்ள போகலீங்க, மிஸ்."

"உள்ள போகணும்னு இல்லீங்களே," என்றார் அவர்.

கதவைத் திறக்காமலே, தூறலையும் பாராமல் துரையையும் என்னையும் வீதியோரப் பலாமரத்தடிக்கு அழைத்துச் சென்று, மடிக்கணினியை விரித்தார். சற்று நேரத்தில் என் கடிதம், நான் இட்ட காற்புள்ளிகளுடன், திரையில் வந்து நின்றது.

சுவரையும் பூட்டையும் பொருட்படுத்தாமல், அந்தத் தூறலினூடே, எங்கள் தோள்களைக் கடந்து அச்சொற்கள் ஓசையின்றிப் போய்க்கொண்டிருந்திருக்கின்றன. என்னையறியாமல் கையை நீட்டினேன். மழையின் ஈரம் மட்டுமே பட்டது.

எங்களுடையதல்லாத கணினியொன்று பலமுறை நுழைந்திருந்ததையும் பெட்டியின் பதிவிலிருந்து வல்லுநர் காட்டினார். அது யாருடையதென்று கடைசிவரை தெரியவில்லை.

பெட்டியைச் சன்னலில் வைக்கச் சொன்னது தாமே என்று துரை சிங்களத்தில் கூறினார். அதற்குமேல் நான் எதிர்பார்க்கவுமில்லை. சாவிக்கொத்தை என்னிடம் நீட்டினார்.

அப்பெண் மடிக்கணினியை என் பக்கம் திருப்பினார்.

"புதுக் கடவுச்சொல்ல ஐயாவே போடுங்க. எனக்குத் தெரியவேணாம்."

சொல்லிவிட்டு வீதியை நோக்கி நின்றார். சிறிது தயங்கி, துரையும் முகத்தைத் திருப்பிக்கொண்டார்.